எசில்டாவும் முதல் வாடையும்

அந்த வருஷம் அக்டோபர் பிறந்து மூன்று வாரம் ஆகியும் பாயூ என்று நாங்கள் சொல்கிற உப்பங்கழியின் கரையில் ஒரு வீட்டிலும் கம்போக் குழம்பு கொதிக்கவில்லை. முதல் வாடை இறங்காமல் கம்போ வைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. தொண்ணூற்று மூன்று டிகிரி வெக்கையில் அடுப்பு முன்னால் நின்று, மாவை எண்ணெயில் போட்டுக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை ஒரு மணி நேரம் கிண்டிக்கொண்டிருக்க யாருக்குக் கிறுக்கு? வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிற அன்றைக்கு இரண்டு கரையிலும் இரும்புச் சட்டி ஏறும். அதுவரை வியர்த்துக்கொண்டு, டிவியில் வானிலை சொல்கிற ஆளைத் திட்டிக்கொண்டு கிடப்போம். "அடுத்த வாரம் வருது" என்று அவன் ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாங்கள் எல்லாரும் கம்போவுக்காகக் காத்திருந்தோம். என் ஞானத்தாய் எசில்டா தன் புருஷனுக்காகக் காத்திருந்தாள். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் வந்த புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை என் வாயால் சொல்லமாட்டேன். லூசியானாவின் தென்கோடியில், இதற்கு மேல் தெற்கே போனால் கடல்தான் என்கிற இடத்தில் இருக்கிறோம். இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அதனால் செத்தவர்களைப் புதைப்பதில்லை. தரைக்கு மேலே சிமெண்டில் கல்லறை கட்டி, சவப்பெட்டியை உள்ளே வைத்து, கனமான மூடி போடுவோம். கடல் ஊருக்குள் வந்தபோது அந்த மூடிகளைத் தள்ளிவிட்டு, பதினாலு பெட்டிகளை மிதக்கவைத்துக் கொண்டுபோனது. ஒன்று பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் கிடந்தது. ஒன்று ஒரு மாட்டுக் கொட்டகை வாசலில். அந்தப் பெட்டிக்குள் இருந்த மனுஷனுக்கும் கொட்டகைக்காரனுக்கும் உயிரோடு இருந்த காலத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது. மற்றதெல்லாம் வடக்கே, சதுப்பு நிலத்து நாணலில். புயல் எதையும் வடக்கே தள்ளும் என்று இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும், அதனால் வடக்கேதான் தேடினோம். பதிமூன்று கிடைத்தன. எசில்டாவின் புருஷன் அல்சே மட்டும் கிடைக்கவில்லை.

தேட வந்த அரசாங்கத்து ஆள் எசில்டாவிடம் பொறுமையாகத்தான் சொன்னான்.

"தெற்குக் காத்து கடலைப் பிடிச்சு சதுப்புக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும்மா. நாணல் கழுத்து வரைக்கும் தண்ணி. முதல் வாடை இறங்கினா எல்லாத் தண்ணியும் கடலுக்கு ஓடிரும். சேறு தெரியும். சேத்துல எது கிடந்தாலும் தெரியும். ஆனா எங்களுக்கு அக்டோபர் கடைசி வரைக்கும்தான் உத்தரவு."

"வாடையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? உங்க ஆத்தா பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்து நான் அதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு வடக்கைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தென்றல், தென்றல் என்று உருகிப் பாடுகிறவர்கள் செப்டம்பரில் ஒரு வாரம் எங்கள் ஊரில் வந்து இருந்து பார்க்கட்டும். ஈரத்துணியை மூஞ்சியில் போட்டு மூடியது மாதிரி ஒரு காற்று. அது நின்றால்தான் அல்சே கிடைப்பார்.

எசில்டாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருஷம் இறால் கொட்டகையில் தலை கிள்ளியவள். விரல் நுனியில் ரேகையே கிடையாது. பிள்ளை பிறக்கவில்லை. அந்த இடத்தில் நான், வெர்லன். ஞானத்தாயை இங்கே நனேன் என்று கூப்பிடுவோம். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, நண்டுக்கூடு போட்டுப் பிழைக்கிறேன், இன்றைக்கும் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் அவள் பேச்சையே ஆரம்பிப்பாள்.

அல்சே இறால் படகுக்காரர். அறுபது வருஷம் தண்ணீரில் இருந்தும் நீந்தத் தெரியாது. எசில்டாவுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. எப்படி ஒத்துப்போனது என்று கேட்டால், "அவர் போனதும் நிம்மதி, வந்ததும் நிம்மதி" என்பாள். அவர்கள் வீட்டு அடுப்படி பாயூத் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டு தூண்களில் நிற்கும். கீழே படகுத்துறை. விடியும் முன் படகை அவிழ்க்கும்போது, அல்சே தள்ளுகம்பால் அடுப்படித் தரையைக் கீழிருந்து மூன்று தட்டுத் தட்டுவார். அவள் தரையில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, வாளியில் காப்பி வைத்துக் கயிற்றில் இறக்குவாள். ஒரு சண்டையில் இருவரும் நாலு மாதம் பேசவில்லை. தட்டும் நிற்கவில்லை, காப்பியும் நிற்கவில்லை. சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அவர் போனதும் ஒரு அக்டோபரில்தான். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஜன்னலோரம் கட்டில் போட்டுக் கிடந்தார். "காத்து திரும்பிருச்சா?" என்று தினமும் கேட்பார். முதல் வாடையில்தான் வெள்ளை இறால் சதுப்பை விட்டுக் கடலுக்குப் புறப்படும். வலைக்காரனுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. கடைசி நாள், மூச்சு இழுக்கும்போதும் கேட்டார். வெளியே வெக்கை. எசில்டா "திரும்பிருச்சு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு விடவில்லை. மின்விசிறிக்கு முன்னால் ஒரு அண்டா நிறைய ஐஸை வைத்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள். அடுப்பில் சட்டியை ஏற்றி மாவைக் கருக்க ஆரம்பித்தாள். கம்போ வாசனை வந்தால் வாடை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அல்சே மோந்து பார்த்துச் சிரித்தார். "படகை எடுக்கணும்" என்றார். சாயங்காலம் உயிர் போய்விட்டது. நிஜமான வாடை இரண்டு நாள் கழித்து, அடக்கத்தன்று இறங்கியது.

இன்னொரு விஷயமும் உண்டு. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். சாவதற்கு ஒரு வாரம் முன்னால், நான் பக்கத்தில் இருக்கும்போது, அல்சே அவள் கையைப் பிடித்துக் கேட்டார். "என்னை இங்க வைக்காத, ஷா. நாப்பது மைல் மேல, மேட்டு நிலத்துல வை. அறுபது வருஷமா காலெல்லாம் ஈரம். செத்த பிறகாவது காஞ்சு கிடக்கணும்." ஷா என்றால் கண்ணே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு எதிர்க்கரைக் கல்லறையில், அடுப்படி ஜன்னலுக்கு நேரே வைத்தாள்.

"ஏன் நனேன்?" என்று கேட்டேன்.

"பாத்திரம் கழுவும்போது நான் யாரைப் பார்க்கிறது?" என்றாள்.

புயலுக்குப் பிறகு அதே ஜன்னலில் மூடி போன காலிக் கல்லறை தெரிந்தது.

தட்டுகிற சத்தம் செப்டம்பர் நடுவில் ஆரம்பித்தது. ஒரு மதியம் எனக்குப் போன் வந்தது.

"வெர்லன், உடனே வா."

"உடம்புக்கு என்ன நனேன்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கீழ தட்டுறாங்க."

போனேன். அடுப்படியில் இரண்டு பேரும் நின்றோம். தெற்குக் காற்று வேகமெடுத்து, தண்ணீர் தூண்களில் ஏறுகிற நேரம். என் காலுக்கடியில் டொக் என்றது. கொஞ்சம் விட்டு டொக், டொக் என்று இரண்டு.

"எண்ணினியா?" என்றாள்.

"எண்ணினேன்."

"எத்தனை?"

"நனேன், அது ஐஸ் பெட்டி."

புயலில் படகுத்துறை சரிந்து அடுப்படித் தூண்களில் முட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேலும் சுற்றிலும் யார் வீட்டுக் கூரைத் தகரமோ, கிழிந்த வலையோ, வண்டி வண்டியாக நாணலோ வந்து அடைத்திருந்தது. இடுக்கில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. "எவனோட ஐஸ் பெட்டியோ வந்து சொருகிக்கிட்டிருக்கு. தண்ணி ஏறினா மிதக்குது, பலகையில முட்டுது. அந்தச் சத்தம் தூண் வழியா மேல வருது. அவ்வளவுதான்" என்றேன்.

"இறங்கிப் பாரேன்."

"இந்தத் தண்ணியிலயா? தகரத்துக்கு அடியில பாம்பு குடும்பம் நடத்துது. வாடை இறங்கித் தண்ணி வத்தட்டும், பார்க்கிறேன்."

பாம்பு இருந்தது நிஜம். நான் இறங்காததற்கு அது காரணமில்லை. பயம்தான். அந்த மூன்று தட்டை நான் சின்ன வயதிலிருந்து கேட்டவன். வீட்டுக்கு வந்து என் மனைவி வர்ஜியிடம் ஐஸ் பெட்டி என்று அதே கதையைச் சொன்னேன். "ஐஸ் பெட்டிக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

காற்று பலமாக அடிக்கிற நாளெல்லாம் சத்தம் வந்தது. எசில்டா முதலில் வாளியில் காப்பி வைத்து இறக்கிப் பார்த்தாள். போனபடியே மேலே வந்தது. பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் நான் நண்டு கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாசல் நாற்காலியில் இருந்தபடி வடக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"பொய் சொல்லி அனுப்பிட்டேன்ல வெர்லன். வாடை வந்துருச்சுன்னு நம்பிப் போனவரு. போன இடத்துல வாடையைக் காணோம். வச்ச இடமும் கேட்ட இடம் இல்ல. இப்ப அந்த இடமும் போச்சு. அதான் வந்து கேக்கிறாரு, காத்து திரும்பிருச்சா, திரும்பிருச்சான்னு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல நனேன்."

"உடம்பு கிடைச்சு ஒரு இடத்துல வச்சாத்தான் அடங்குவாரு. அதுவரைக்கும் நானும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"என்ன பதில்?"

"துடைப்பத்தால தரையை அடிப்பேன். 'இன்னும் திரும்பல, போயிடு, போயிடு அல்சே'ன்னு."

கோயில் தீர்த்தத்தையும் அந்தச் சின்னக் கதவு வழியாகத் தெளித்திருக்கிறாள். ஐம்பது வருஷம் காப்பி இறங்கிய கதவு அது. நான் ஏதோ முனகிவிட்டு நண்டை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். இன்னொருத்தனாக இருந்தால் அன்றைக்கே தகரத்தைப் பிய்த்து எறிந்து பார்த்திருப்பான்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி வடக்கே மேகம் கட்டியது. அல்சேயின் கித்தான் கோட்டை மாட்டிக்கொண்டு எசில்டா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். நாலு சொட்டு விழுந்தது. மேகம் அப்படியே கரைந்து, மறுபடி அதே தெற்குக் காற்று. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது.

நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாள், கல்லறைகளை ஆசீர்வதிக்கிற நாள். அதற்குள் கல்லறைக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாகவேண்டும். ஊரே எதிர்க்கரையில் வாளியும் மட்டையுமாக நின்றது. அல்சேயின் கல்லறை மட்டும் புயல் சேற்றோடு கிடந்தது. வியட்நாமிலிருந்து வந்து பத்து வருஷமாக எங்கள் பங்குக் கோயிலில் இருக்கிற ஃபாதர் பாவ் நல்ல மனிதர். எசில்டாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"காலியா இருந்தா என்ன எசில்டாம்மா, பேர் இருக்கே. சுண்ணாம்பு அடிச்சு, மூடியைப் போட்டு ஆசீர்வதிச்சிரலாம். கடவுளுக்குத் தெரியாதா அவர் எங்க இருக்கார்னு?"

"கடவுளுக்குத் தெரியும். எனக்கு இல்ல தெரியணும்?" என்றாள். "காலிக் குழிக்கு சாம்பிராணி போட்டா அது யாருக்குப் போய்ச் சேரும், ஃபாதர்?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி மதியம் அது வந்தது. முதலில் காற்று நின்றது. இரண்டு மாதமாக நிற்காத காற்று நின்றதும் காது அடைத்தது போல் ஆகிவிட்டது. நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. வடமேற்கில் ஒரு நீலக் கோடு, கத்தியால் கீறின மாதிரி. பத்து நிமிஷம் மழை கொட்டியது. அது விட்டதும் காய்ந்த புல் வாசனையோடு வாடை இறங்கியது. பாயூ முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து கூச்சல் போட்டார்கள். எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. அரை மணி நேரத்தில் மாவு கருகும் வாசனை. வர்ஜியும் சட்டியை ஏற்றிவிட்டாள். எசில்டா வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலை பாயூவில் மூன்றடி தண்ணீர் குறைந்திருந்தது. கரையெல்லாம் சேறு பளபளத்தது. அரசாங்கத்து ஆட்கள் பெரிய விசிறி வைத்த படகை இறக்கி, வடக்கே புறப்பட நின்றார்கள். நானும் பூட்ஸ் மாட்டி ஏறப்போனேன். எசில்டா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"வெர்லன், நீ போகாத. தண்ணி வத்தட்டும், பார்க்கிறேன்னு எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்க."

சேற்றில் இறங்கி, அடுப்படிக்கு அடியில் போய் நாணலை வாரி வீசினேன். முதல் தகரத்தை இழுத்தேன். பாம்பு ஒன்று குளிரில் சோம்பிப்போய் மெதுவாக விலகியது. இரண்டாவது தகரத்தை இழுத்ததும் வெளிச்சம் உள்ளே போனது. சரிந்த துறைப் பலகைக்கு அடியில், இரண்டு தூண்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் பெட்டி. கைப்பிடியில் பச்சை வலைநூல் கட்டியிருந்தது. அடக்கத்தன்று படகுக்காரர்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டோம். என் முடிச்சு எனக்குத் தெரியும்.

மூடி இறுக மூடியபடி இருந்தது. தலைமாட்டில் ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் சுத்தமாக உரிந்து, தகடு தேய்ந்து மின்னியது. நேர் மேலே பலகையிலும் அதே அளவுக்கு ஒரு பள்ளம்.

எல்லாவற்றையும் வடக்கே தள்ளிய கடல் வடிந்தபோது, ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறது. ஒரு பாயூ அகலம்தான் தூரம். நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் சின்னக் கதவு திறந்தது.

"ஐஸ் பெட்டியா?" என்று கேட்டாள்.

ஏணி வழியாக அவளே இறங்கி வந்தாள். சேற்றில் முழங்கால் வரை புதைந்து நடந்து, உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"மேட்டுக்குப் போகணும்னு கேட்டவரு" என்றாள். "கடலே கதவைத் திறந்து விட்டிருக்கு. எங்கயும் போகல. வீட்டுக்கு வந்திருக்காரு. ஒண்ணரை மாசம் தட்டியிருக்காரு வெர்லன். நான் துடைப்பத்தால அடிச்சு, போ போன்னு விரட்டியிருக்கேன்."

"தப்பு என்னுது நனேன். நீங்க பாருன்னு சொன்னீங்க. நான் பயந்துட்டேன்."

"தெரியும்டா" என்றாள். சேற்றுக் கையால் என் காலரைச் சரிசெய்தாள். பிறகுதான் அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்று கூட.

ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. ஃபாதர் பாவ் சுண்ணாம்பு வாளியோடு தயாராக நின்றார். எசில்டா தலையை ஆட்டினாள். "அங்க வேண்டாம், ஃபாதர். மேட்டுக்குக் கொண்டுபோகணும். கேட்டவரு அவரு. சரின்னு சொன்னவ நான்."

"அப்ப பாத்திரம் கழுவும்போது யாரைப் பார்ப்பீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"பாத்திரத்தைப் பார்க்கிறேன்" என்றாள்.

தூக்கிய ஆறு பேருக்கும் அன்றைக்குக் கம்போ வைத்தாள். ஊருக்கெல்லாம் ஒருநாள் பிந்திய கம்போ. மறுநாள் நாற்பது மைல் வடக்கே, மண்வெட்டி போட்டால் காய்ந்த மண் வருகிற இடத்தில், ஆறடி ஆழத்தில் அல்சேயை இறக்கினோம். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தாள். ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போட்டாள்.

நவம்பர் நடுவில் வாடை ஓய்ந்து, நாலு நாள் தெற்குக் காற்று திரும்பியது. தண்ணீர் ஏறியது. அடுப்படிக்கு அடியை நான்தான் முன்பே சுத்தமாக்கி, துறையையும் நிமிர்த்திக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"வெர்லன், உன்கிட்ட பழைய ஐஸ் பெட்டி ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு நனேன். மூடி உடைஞ்சது. எதுக்கு?"

"கொண்டு வா. கயிறும் கொண்டு வா. துறைக்கு அடியில கட்டணும்."

நான் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்குடா" என்றாள்.

கொண்டுபோனேன். மூடியை ஆணி அடித்து இறுக்கி, இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டினேன். மேலே சின்னக் கதவில் அவள் முகம். கயிறு நீளமாக இருந்தால் ஓயாமல் முட்டியது, இழுத்துக் கட்டினால் சத்தமே இல்லை. மதியம் முழுக்க அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் அவள் போதும் என்றாள்.

இப்போதும் தெற்குக் காற்று அடித்தால் அது தட்டுகிறது. அவள் வாளியில் காப்பி வைத்து இறக்குகிறாள், சர்க்கரை போட்டு. நண்டுக்கூடு எடுக்க அந்த வழியாகப் போகும்போது படகை நிறுத்தி, மேலே பார்க்காமல் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை வாளியில் வைத்துவிட்டுப் போகிறேன்.